தேருக்குள்ள ஓய்ஞ்சிரும்

— முதல்ல அதைச் சுவத்துல இருந்து கழட்டுங்க மாப்ளே. பொறவு பேசுவோம்.

— எதை மச்சான்?

— அந்தப் படத்தைத்தான். ஊரு படத்தை வரைஞ்சு, செவப்பு மையில புள்ளி புள்ளியா வச்சு, பக்கத்துல என் பேச்சு வந்த பேப்பரை வேற வெட்டி ஒட்டியிருக்கீங்களே. வாரவன் போறவன் எல்லாம் பாத்துட்டுப் போறான். ஒன்றியச் செயலாளர் சோலைராஜ் பேச்சை அவரு தங்கச்சி மாப்பிள்ளையே சுவத்துல ஒட்டி வச்சுச் சிரிக்காருன்னு டீக்கடை பூரா இதே பேச்சு.

— சிரிக்கதுக்கு ஒட்டலை. நீங்க எந்தத் தேதியில என்ன சொன்னீங்க, அந்தத் தேதியில எத்தனை பேரு வாந்திபேதியில கிடந்தாங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கேன். அம்புட்டுதான்.

— பாத்து?

— ஆனி பதினாலு, முதல் ஆளு. வடக்குத் தெரு தவசிமுத்து. சூட்டு வயித்துப்போக்கு, ரெண்டு இளநி குடிச்சா நின்னுரும்னீங்க. பதினெட்டாம் தேதி அஞ்சு பேரு. அன்னைக்குத்தான் மேடை போட்டு, நாலே நாள்ல ஓய்ஞ்சிரும்னீங்க. நாலு நாள் கழிச்சுப் பன்னெண்டு பேரு. ஆடி பொறக்கதுக்குள்ள நம்ம ஒன்றியத்துல காலராங்கிற சொல்லே இருக்காதுன்னு பேப்பர்ல கொட்டை எழுத்துல வந்துச்சு. ஆடி பொறந்த அன்னைக்கு முப்பத்தி மூணு. இப்ப தேருக்குள்ள ஓய்ஞ்சிரும்ங்கீங்க. நாளைக்குத் தேரு. இன்னைக்கு வரைக்கும் நாப்பத்தி ஒண்ணு. செத்தது ஆறு.

— அஞ்சு.

— ஆறு. பால்பாண்டி பொண்டாட்டி அழகுத்தாய் மத்தியானம் செத்துப் போச்சு. உங்க தங்கச்சி சண்முகத்தாய் அங்கதான் போயிருக்கா.

— பால்பாண்டின்னா, உங்க கூடப் பவுடர் மூட்டை தூக்கிட்டுத் திரிவானே, அவனா?

— அவனேதான். ஊருக் கிணத்துக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் போடுதவன். அவன் பொண்டாட்டியையே காப்பாத்த முடியலை எனக்கு. நேத்துக் காலையில எழுந்திரிச்சுக் கோலம் போட்டிருக்கா. இன்னைக்கு மத்தியானம் ஆளு இல்லை.

— பாவந்தான். நான் இல்லைன்னு சொல்லலை. நாளைக்கு ஒரு மாலை வாங்கிப் போடச் சொல்லுதேன். இப்ப சுருக்கமாச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க.

— நீங்க சுருக்கமாச் சொன்னாலே ஒரு மணி நேரம் ஆகும்.

— கேளுங்க மாப்ளே. விடிஞ்சா ஆண்டாள் தேரு. ஸ்ரீவில்லிபுத்தூர் மொத்தமும் தலையாத்தான் தெரியும். ராஜபாளையம், சேத்தூர், கிருஷ்ணன்கோவில்னு நாலு திக்குல இருந்தும் சனம் வரும். ரதவீதியில நம்ம நீர்மோர்ப் பந்தலை மந்திரி வந்து திறக்காரு. வந்து அவரு சொல்லப்போறது ஒரே ஒரு வரி. இந்த ஒன்றியத்தில் ஒரு வாரமாகப் புதிய நோயாளி யாரும் இல்லை. அந்த வரிக்கு ஆதாரமா ஒரு தாளு வேணும். டைப் அடிச்சே கொண்டாந்துட்டேன். சுகாதார ஆய்வாளர் தனுஷ்கோடின்னு கீழ உங்க பேரு. ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் ஜீப்புல ஏறிருவேன்.

— இந்த ஒரு வாரத்துல மட்டும் புதுசா எட்டுப் பேரு விழுந்திருக்கு.

— எட்டையும் வயித்துக் கோளாறுன்னு எழுதுங்க.

— அப்ப அழகுத்தாய் எதுல செத்தா? வெயில்ல செத்தாளா?

— ஊர்ல யாருமே சாகாத மாதிரிப் பேசாதீங்க.

— மச்சான், மதுரை லேப்ல இருந்து பதில் வந்திருக்கு. இது நம்ம அப்பா காலத்துக் காலரா இல்லையாம். புது ஜாதிக் கிருமி. போன வருசம் மெட்ராஸ் பக்கத்துல கிளம்பி, மதுரையைப் பிடிச்சு, கல்கத்தாவைப் பிடிச்சு, இப்ப பங்களாதேஷ் வரைக்கும் போயிருச்சு. பழைய ஊசி இதுக்கு வேலை செய்யாது. பிள்ளைகளை விட்டுட்டு வளந்த ஆளுகளாத் தேடிப் பிடிக்கு. உலகத்தையே சுத்தப் போறேன்னு கிளம்புன நோயி, நீங்க மைக்கைப் பிடிச்சு நாலு நாள் கெடு குடுத்தா நின்னுருமா?

— நான் பேசுதது நோய்க்குக் கேக்கதுக்கு இல்லை. சனத்துக்குக் கேக்கதுக்கு. பயத்துலயே பாதிப்பேரு செத்துருவான். தைரியம் சொல்லுதது என் வேலை.

— தைரியம் சொன்னா காய்ச்சிக் குடிக்கதை நிப்பாட்டிருதான். நீங்க ஒவ்வொரு தடவை ஓய்ஞ்சிரும்னு சொல்லும்போதும் நாலு வீட்டுல அடுப்பை அணைக்கான். நான் வீடு வீடாப் போய்த் திரும்பப் பத்த வைக்கச் சொன்னா, செயலாளரே சொல்லிட்டாரு, நீ யாருலேன்னு கேக்கான்.

— நல்லாத்தான் கேக்கான். உங்களுக்கு இந்த ஊருக்கு மாத்தல் வாங்கிக் குடுத்தது யாரு? அதையும் ஒரு புள்ளி வச்சு அந்தச் சுவத்துல எழுதுங்க.

— நீங்கதான். மறக்கலை. தங்கச்சி பக்கத்துலயே இருக்கணும்னு வாங்கிக் குடுத்தீங்க. அதுக்காக எட்டுப் பேரை அழிக்க முடியாது. சரி, ஒண்ணு கேக்கேன். நாளைக்குப் பந்தல்ல எம்புட்டு மோரு?

— இருபது டிரம்மு. புளியோதரை தனி. எல்லாம் இங்க நம்ம தோப்புலயே செஞ்சு லாரியில ஏத்துதோம்.

— புளியோதரையை விடுங்க. அரிசி கொதிக்கும். மோரு கொதிக்காது. பச்சைத் தண்ணியை ஊத்தித்தான் கரைப்பீங்க. இருபது டிரம்மு பச்சைத் தண்ணி, தேருக்கு வந்த சனத்துக்கு. ஒவ்வொருத்தனும் ஒரு கிளாஸ் குடிச்சிட்டு அவனவன் ஊருக்குப் போவான். நான் இந்தப் படத்தை இந்த ஊரோட நிப்பாட்டியிருக்கேன். நாளைக்கு சாயந்தரத்துக்கு மேல ஜில்லா படம் வாங்கித்தான் புள்ளி வைக்கணும்.

— வாயைக் கழுவுங்க. ஆண்டாளுக்குச் செய்யுத காரியம்.

— ஆண்டாளுக்குத்தான் செய்யுதீங்களா, மந்திரிக்கா? இந்த நோய்க்கு ஊத்து எங்கேன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. அது பிடிபடுத வரைக்கும் மோர்ப் பந்தல் வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறேன். ஒரு மாசமாத் தேடுதேன். கண்மாயைப் பாத்தேன். ஐஸ் விக்கவனைப் பிடிச்சேன். பைப் லைன்ல ஓட்டை இருக்கான்னு தெருத் தெருவாத் தோண்டிப் பாத்தேன். எல்லாம் சுத்தம். ஆனா இந்தப் புள்ளியைப் பாருங்க. வடக்குத் தெரு, கீழத் தெரு, பள்ளிக்கூடத் தெரு. மூணும் உங்க தோப்பைச் சுத்தியே நிக்கி.

— வந்துட்டீங்களா சுத்தி வளைச்சு? கடைசியில என் தோப்பா?

— உங்க கிணறா இருந்தா எனக்கு வேலை முடிஞ்சிருக்கும். ஆனா அதுல ஒண்ணு விட்டு ஒரு நாள் பவுடர் விழுது. ரிஜிஸ்டர்ல இருக்கு. அதனாலதான் அதை விட்டுட்டு ஊரெல்லாம் அலையுதேன்.

— அப்படிச் சொல்லுங்க. நம்ம கிணறு மாதிரிக் கிணறு இந்த வட்டாரத்துல இருக்கா? ஊருக் கிணத்துல எல்லாம் உங்க ஆளு பவுடரைக் கொட்டி ஆஸ்பத்திரி மாதிரி நாற வச்சுட்டான். அதுல டீ போட்டா டீ மாதிரி இருக்கா, மோரு கரைச்சா மோரு மாதிரி இருக்கா? ஒரு வாய் வைக்க முடியலை. அதான் மூணு தெருச் சனமும் பொதுக் கிணத்தை விட்டுட்டு நம்ம தோப்புல வந்து குடத்தோட வரிசை கட்டுது. நானும் கேட்டைத் தொறந்து விட்டுட்டேன். காலையில அஞ்சு மணிக்கெல்லாம் அறுவது குடம் நிக்கும். பேப்பர்காரன் முன்னாடி நானே ஒரு செம்பு கோரிக் குடிச்சுக் காட்டுனேன். இளநி மாதிரி இருக்கும் தண்ணி.

— மச்சான்.

— என்ன?

— உங்க கிணத்துத் தண்ணியில வாடை இல்லையா?

— ஒரு பொட்டு கிடையாது. அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்.

— ஒண்ணு விட்டு ஒரு நாள் பவுடர் விழுத கிணத்துல எப்படி வாடை இல்லாம இருக்கும்?

— கிணறு ஆழம். ஊத்து நல்ல ஊத்து.

— எம்புட்டு ஆழமா இருந்தாலும் பவுடர் போட்ட அன்னைக்கு மூக்கைத் துளைக்கும். ஒரு மாசத்துல ஒரு நாள்கூட நாறலையா?

— ஏன் மாப்ளே மூஞ்சி ஒரு மாதிரிப் போகுது? உக்காருங்க.

— உங்க கிணத்துக்குப் பவுடர் போடுதது பால்பாண்டி இல்லை. என் வீட்டுக்காரி. எங்க அண்ணன் தோப்புக் கிணத்துக்கு நானே போட்டுக்கிடுதேன், நீ அடுத்த கிணத்தைப் பாருன்னு மூட்டையை வாங்கி வச்சுக்கிட்டா. ஐயா, அம்மாவே போடுதாகன்னு பால்பாண்டி வந்து சொன்னான். எனக்கு உள்ளுக்குள்ள எம்புட்டுப் பெருமை தெரியுமா? ஊருல ஒருத்தியாவது என் வேலையை மதிக்காளேன்னு. மத்த கிணத்துல எல்லாம் சோதனை மருந்தை விட்டு மஞ்சளா மாறுதான்னு பாத்த நான், அந்த ஒரு கிணத்துல மட்டும் பாக்கலை. பொண்டாட்டி போடுதா, அதுல என்னத்தைச் சோதிக்கன்னு விட்டுட்டேன்.

— சரி விடுங்க. ஏதோ மறந்திருப்பா.

— ஒரு மாசம் மறப்பாளா? நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?

— நான் என்னத்தைச் சொன்னேன்?

— மச்சான், என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

— மக கல்யாணத்துக்குச் சொன்னேன். ஆனி பத்துல கல்யாணம். ஆயிரம் பேருக்குச் சமையல். சாம்பார் ரசமெல்லாம் பவுடர் நாத்தம் அடிச்சா சம்பந்தி வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? கல்யாணம் முடியுத வரைக்கும் போட வேண்டாம் தாயின்னு சொன்னேன். பெத்த மகளுக்காக இது கூடச் சொல்லக் கூடாதா?

— கல்யாணம் முடிஞ்ச பொறவு?

— பொறவு நான் ஒண்ணும் சொல்லலை. போடுன்னும் சொல்லலை, போடாதேன்னும் சொல்லலை.

— நல்லாச் சொல்லுதீங்க. முதல் ஆளு விழுந்தது ஆனி பதினாலு. கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாளு. கல்யாணத்துக்கு வந்ததுல யாருக்காவது பேதி கண்டுச்சான்னு உங்ககிட்ட மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் இல்லைன்னீங்க.

— இல்லைதான்.

— மச்சான்.

— மதுரையில இருந்து வந்த சம்பந்தியோட பெரியப்பா, தோப்பு வீட்டுல ரெண்டு நாள் படுத்துக் கிடந்தாரு. வயசான மனுசன், பயணம் ஒத்துக்கிடலைன்னு நினைச்சோம். அவரு துணிமணியைக் கிணத்தடியில வச்சு அலசுனாங்க. அம்புட்டுதான். பொண்ணு வாழப் போன வீடு. அவுக வீட்டு ஆளு பேதியைக் கொண்டாந்தாருன்னு நான் ஊரெல்லாம் தமுக்கு அடிக்கவா?

— ஊரெல்லாம் வேண்டாம். எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு கிலோ பவுடர்ல முடிஞ்சிருக்கும். ஆறு பேரும் இன்னைக்குத் தேருக்குக் கிளம்பியிருப்பாங்க. நீங்க செம்புத் தண்ணி குடிச்ச போட்டோ வந்த மூணு நாள்ல ஒன்பது பேரு விழுந்தான். எனக்கு அது ஏன்னு அன்னைக்குப் புரியலை. உங்க பேச்சை மட்டும் வெட்டி ஒட்டுனேன், போட்டோவை ஒட்டாம விட்டுட்டேன்.

— எனக்கு ஒண்ணும் ஆகலையே.

— எல்லாத்துக்கும் ஆகாது. ஆகாதவன்தான் மேடையில நிப்பான். வழி விடுங்க. பால்பாண்டிகிட்ட சாவி இருக்கும், பவுடர் ரூமைத் தொறக்கணும். பொறவு கலெக்டர் ஆபீசுக்குப் போன் போடணும்.

— எங்க போறீங்க? செத்த நேரம் உக்காருங்க.

— கையை எடுங்க.

— உக்காருன்னா உக்காரு தனுஷ்கோடி. மாப்பிள்ளைன்னு இதுவரைக்கும் மரியாதையாப் பேசுனேன். இனிமே ஒழுங்கா யோசிச்சுப் பேசு. கலெக்டருக்குப் போன் போட்டு என்னன்னு சொல்லுவ?

— சோலைராஜ் தோப்புக் கிணறுதான் ஊத்துன்னு சொல்லுவேன்.

— அவரு கேப்பாரு. அந்தக் கிணத்துல பவுடர் போட்டதா ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கே, யாரு எழுதுனதும்பாரு. நான்தான்னு சொல்லு. நேர்ல பாத்தியாம்பாரு. இல்லை, என் பொண்டாட்டி போட்டான்னு சொல்லு. அவ போட்டாளாம்பாரு. அப்ப என்ன சொல்லுவ?

— உள்ளதைச் சொல்லுவேன்.

— உள்ளதைச் சொன்னா உனக்கு சஸ்பெண்டு. அது போகட்டும், நீ ஆம்பளை, பொழைச்சுக்கிடுவ. அவளை என்ன செய்வாங்க? ஆறு உசுரு. வடக்குத் தெருக்காரன் ஒவ்வொருத்தனும் பொண்டாட்டியையும் அம்மாவையும் தூக்கிப் போட்டுட்டு நிக்கான். இன்ஸ்பெக்டர் பொண்டாட்டி பவுடரை ஒளிச்சு வச்சு எங்க குடியைக் கெடுத்தாள்னு தெரிஞ்சா, அவ அந்தத் தெரு வழியா நடந்து போக முடியுமா? இந்த நிமிசம் அவ அங்கதான் உக்காந்திருக்கா, அழகுத்தாய் தலைமாட்டுல.

— நீங்க சொல்லித்தானே செஞ்சா.

— நான் சொன்னதுக்கு சாட்சி யாரு? மூட்டையை வாங்குனது அவ. பால்பாண்டி பாத்தது அவளைத்தான். என் பேரு எங்க வருது? எனக்கு அவ தங்கச்சி. அவ மேல ஒரு கல்லு விழுந்தா எனக்கும் வலிக்கும். ஆனா அது என் பக்கம் வந்துச்சுன்னா நான் ஒதுங்கி நிப்பேன். நிக்க மாட்டேன்னு நினைக்காத.

— நீங்க நிப்பீங்க. எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சா சரி. இப்பச் சொல்லு, என்ன செய்யலாம்?

— எனக்கு ஒண்ணும் ஓடலை. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுதேன்.

— சொல்லு.

— நாளைக்கு அந்தத் தண்ணியில மோரு கரைக்கக் கூடாது. தலையே போனாலும் கூடாது.

— கரைக்கலை. ராஜபாளையத்துல இருந்து ரெண்டு டேங்கர் வரச் சொல்லுதேன். அதுல நீயே பவுடர் போடு, நாறுனா நாறட்டும். இஞ்சியும் கருவேப்பிலையும் கூடப் போட்டா தெரியாது.

— இன்னைக்குப் பொழுது சாயுததுக்குள்ள கிணத்துக்குப் பவுடர் போடணும். கேட்டைப் பூட்டணும்.

— பூட்டிருவோம். தூர் வாருதோம்னு ஒரு அட்டையில எழுதித் தொங்க விட்டா முடிஞ்சது. ஒருத்தன் கேக்க மாட்டான்.

— காலையில பிடிச்ச தண்ணி இப்ப அறுவது வீட்டுல குடத்துல நிறைஞ்சிருக்கு. அதைக் கொட்டச் சொல்லணும். ஏன்னு காரணம் சொல்லாமக் கொட்டச் சொன்னா கொட்ட மாட்டாங்க.

— ரெண்டு நாள்ல அதுவே தீந்துரும்.

— தீருததுக்குள்ள யாராவது குடிப்பாங்களே.

— மாப்ளே, நீங்க எல்லாத்தையும் நிப்பாட்ட முடியாது. ஊத்தை அடைச்சாச்சு. நீங்க நினைச்சது நடந்துருச்சு. ரெண்டு குடத்துத் தண்ணிக்காகப் பொண்டாட்டியைக் கொண்டுபோய்த் தெருவுல நிறுத்துவீங்களா?

— மறுபடியும் நீங்கன்னு ஆரம்பிச்சிட்டீங்க.

— சொந்தம்னா கோபம் வரும், போகும். இந்தாங்க பேனா.

— புதுசா விழுந்த எட்டுப் பேரையும் நான் இந்தக் கையாலதான் வண்டியில தூக்கி ஏத்துனேன். இப்ப அதே கையால யாருமே இல்லைன்னு எழுதச் சொல்லுதீங்க.

— எழுத வேண்டாம். டைப் அடிச்சிருக்கு. கையெழுத்து மட்டும்.

— எங்க?

— கீழ. பேருக்கு மேல. தேதியும் போடுங்க. ம். இன்னொரு காப்பியும் இருக்கு. அம்புட்டுதான், முடிஞ்சது. இப்ப அந்தப் படத்தையும் கழட்டிருங்க.

— கழட்டுதேன்.

— பாத்து, ஆணி குத்தும். கிழிஞ்சாலும் பரவாயில்லை. மடிச்சு அடுப்புல போடுங்க. ஒரு மாசமா அது என் கண்ணுல முள்ளு மாதிரி உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

— வீட்டுக்காரி வருதா. அவகிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்.

— வா தாயி சண்முகம். என்ன, தலையெல்லாம் ஈரமா இருக்கு?

— இழவு வீட்டுல இருந்து வாரேண்ணே. குளிச்சிட்டு வாரேன். சுவத்துல இருந்த படம் எங்க?

— கழட்டிட்டேன் சண்முகம்.

— ஏன் கழட்டுனீங்க?

— எல்லாம் உன் நல்லதுக்குத்தான் தாயி. கிணத்து விசயம் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு. பயப்படாத. நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு. கிணத்தைப் பூட்டுதோம், மருந்து போடுதோம். மாப்பிள்ளை கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரு. இனி ஒரு பய உன்னைக் கேக்க மாட்டான்.

— எனக்காகவாண்ணே?

— பின்ன யாருக்காக? ஏன் சண்முகம் அப்படிப் பாக்க? கட்டுன புருசன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. கல்யாணம் முடிஞ்ச அன்னைக்காவது போட்டிருக்கலாம்ல.

— இருங்கண்ணே, அவிய கேக்கட்டும், நான் அவியளுக்குச் சொல்லுதேன். போடணும்னுதான் மறுநா மூட்டையைத் தூக்கிட்டுப் போனேங்க. கிணத்தடியில முப்பது பொம்பளைக நிக்காக. ஊரெல்லாம் என்னைப் பவுடர்காரன் பொண்டாட்டின்னு வையுது. கோயில்ல பக்கத்துல வந்து நிக்க மாட்டாக. அங்க மட்டும், சண்முகத்தாய் புண்ணியத்துல நல்ல தண்ணி குடிக்கோம்னு சொன்னாக. கேக்க நல்லா இருந்துச்சு. நாளைக்குப் போடுவோம்னு தள்ளுனேன். மறுநாளும் அதையே சொன்னாக. ஒவ்வொரு தடவையும் பவுடரைக் கொண்டுபோய்த் தென்னைமரத்து மூட்டுல கொட்டுனேன். ஆளு விழ ஆரம்பிச்ச பொறவு எனக்குப் பயம். இனிமே போட்டா வாடை வரும், இதுவரைக்கும் போடலைன்னு காட்டிக் குடுத்துரும்னு பயம். காய்ச்சிக் குடிங்கன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தேன். யாரும் கேக்கலை. அண்ணன்தான் மேடையில ஓய்ஞ்சிரும்னு சொல்லுதாகளே, ஓய்ஞ்சிரும்னு நானும் நம்புனேன். அண்ணன் பேச்சை இந்த ஊருல என்னை மாதிரி நம்புனவ யாரும் இல்லை.

— சரி தாயி, அழாத. போனது போகட்டும்.

— நான் அழலை. பால்பாண்டி தங்கச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. யக்கா, மதினி ராத்திரி பூராத் தண்ணி தண்ணின்னு கேட்டா, பொதுக் கிணத்துத் தண்ணியைக் குடுத்தா வாடை அடிக்குன்னு துப்புதா, நான் உங்க அண்ணன் தோப்புக்கு ஓடிப்போய் ஒரு குடம் கொண்டாந்து ஊத்துனேன், போற உசுரு நல்ல தண்ணி குடிச்சிட்டுப் போச்சு, நீங்க நல்லா இருக்கணும்ங்கா. எனக்கு நன்றி சொல்லுதாண்ணே. அழகுத்தாய் வாயைக் கட்டி வச்சிருக்கு, பக்கத்துல உக்காந்து அவ எனக்கு நன்றி சொல்லுதா.

— நீ அங்க ஒண்ணும் வாயைத் தொறக்கலையே?

— சண்முகம், உன்னைத்தான் கேக்காக. யாருகிட்டயாவது சொன்னியா?

— எல்லாத்துக்கிட்டயும் சொன்னேன். சத்தமாச் சொன்னேன். குடத்துல இருக்கதைக் கொட்டுங்கன்னு வீட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டுத்தான் குளிச்சேன். பால்பாண்டி என்னை அடிப்பான்னு நினைச்சேன். அடிக்கலை. இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குத் தெரியுமான்னு மட்டும் கேட்டான். தெரியாது, தெரிஞ்சா ஒரு நிமிசம் பொறுக்க மாட்டாகன்னு சொன்னேன்.

— அடிப்பாவி. இப்ப அவன் எங்க?

— வாசல்ல நிக்கான். வடக்குத் தெருவே நிக்கி. ஏங்க, நான் செஞ்சதை நான் சொல்லியாச்சு. நீங்க எதுல கையெழுத்துப் போட்டீங்கன்னு நீங்க வந்து சொல்லுங்க.